இடது பக்கத்து ஆள்

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளில் ஆட்கள் நிற்கிற இடம் மாறாது. ஸ்டீரியோ புதிதாக வந்திருந்த காலத்துப் பதிவுகள் அவை. ஊதுகிறவரை முழுக்க இடது பக்கம் தள்ளி நிறுத்தியிருப்பார்கள். டிரம்சும் பியானோவும் வலது பக்கம். நடுவில் டபுள் பேஸ், அந்த ஆளுயர வயலின். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என் தலைதான் மேடை. இடது காதோரம் ஒருவர் சாக்ஸபோனோடு மூச்சை இழுப்பது கேட்கும், விரல்கள் அதன் மூடிகளைத் தட்டுவது கேட்கும். இருபது வருடங்களுக்கு மேலாக அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கிறேன், அவர் இல்லை.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பியானோ யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கியது, யாரும் வரவில்லை. டிரம்ஸ் யாருக்கோ பதில் சொன்னது; கேள்வி என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. வெகு தூரத்தில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஊதுவதுபோல ஒரு மெல்லிய கீறல். அவ்வளவுதான்.

"உப்பு அடிச்சிருச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மண்டபத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் எதற்கும் முதலில் அதைத்தான் சொல்வோம். ஃபேன் நின்றால் உப்பு. கேட்டின் கீல் கையோடு வந்தால் உப்பு. பிரிட்ஜின் அடித்தகடு அப்பளம்போல உதிர்ந்தால், பைக் சைலன்சரில் ஓட்டை விழுந்தால், சுவர்க் கடிகாரம் நாலே காலில் நின்றுபோனால், எல்லாம் உப்புதான். வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல், நடுவில் ரயில் பாதையும் தார்ச்சாலையும் நாங்களும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வெறுங்கையோடு வராது. அதனால் எங்கள் ஊரில் எது கெட்டாலும் யார் மேலும் தப்பில்லை. மெக்கானிக்கும் அதையே சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அன்றைக்கு நானே சொல்லி நானே தலையாட்டினேன்.

தட்டுகள் என்னிடம் இருநூற்றுச் சொச்சம் இருக்கின்றன. முதல் பெட்டி வளைகுடாவிலிருந்து வந்தது, பால்பவுடர் டின்களுக்கும் கம்பளிப் போர்வைக்கும் நடுவில் படுத்துக்கொண்டு. கொண்டுவந்தவர் கீழக்கரைக்காரர். அங்கே ஒரு பெரிய ஓட்டலில் மைக், ஸ்பீக்கர் பார்க்கிற வேலையில் இருந்தவர். ஓட்டலில் சாயங்காலங்களில் ஜாஸ் வாசித்த குழு கலைந்துபோனபோது தட்டுகளைக் குப்பையில் போடப் பார்த்தார்களாம், இவர் அள்ளிக்கொண்டார். ஊர் திரும்பி, இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை போட்டார். அவர் ஊர்ப் பிள்ளைகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, இதுல பாட்டும் இல்ல, பல்லவியும் இல்ல. ஆளாளுக்கு ஒரு பக்கம் கெளம்பிப் போறானுவ, கடைசியில எப்படியோ ஒரே வீட்டுக்கு வந்து சேந்துர்றானுவ. எனக்குத் தலைய வலிக்கிது. ஒனக்குத்தான் இது லாயக்கு" என்று அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

அப்புறம் சென்னையின் பழைய சாமான் கடைகள், பெங்களூரில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை, விலை விசாரிக்கவே பயமாக இருக்கிற இணையத் தளங்கள். சேர்ந்ததையெல்லாம் இரும்புப் பீரோவில் நிற்கவைத்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டேன். ஈரம் அண்டாமலிருக்க அது ஒரு வழி. என் மனைவி வீட்டிலேயே தையல் போடுகிறவள். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்:

"சேல வைக்க வாங்குன பீரோ. அதுக்குப் பட்டப்பகல்ல லைட்டு வேற. என் சேலைக்கு என்னைக்காச்சும் ஒரு லைட்டுப் போட்டிருக்கீகளா?"

உப்பு என்னை அதற்கு முன்பும் ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. ஒரு தட்டில் மெதுவான உருப்படிகள் வரும்போதெல்லாம் ஷ்ஷ்... ஷ்ஷ்... என்று ஓர் இரைச்சல். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்து எத்தனையோ தடவை துடைத்திருப்பேன், போகவில்லை. பிறகு முதல் தடவையாக ஒரு ஜாஸ் கச்சேரியை நேரில் கேட்கச் சென்னைக்குப் போனேன். சின்ன அரங்கம், ஆறாவது வரிசை. நடுவில் டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்தார். மெல்லிய கம்பிகளைக் கட்டிச் செய்த இரண்டு குட்டி விளக்குமாறுகளை எடுத்து டிரம்மின் தோல்மேல் வட்டவட்டமாகப் பெருக்க ஆரம்பித்தார். ஷ்ஷ். அதே சத்தம். மூன்று வருடங்களாக நான் துடைத்து அழிக்கப் பார்த்தது ஒரு மனிதனின் கை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

அந்தக் கதையைப் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இந்த மார்கழிக்குப் பிறகு சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒயர்களைக் கழற்றினேன். ஒவ்வொரு பின்னையும் உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் தொட்டுத் துடைத்து, மாட்டினேன். வரவில்லை. திங்களன்று ஊசியை மாற்றினேன். வரவில்லை. செவ்வாயன்று இன்னொன்றைக் கவனித்தேன்: இடது பக்கம் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். எர்த் சரியில்லை என்று முடிவு கட்டினேன். கொல்லையில் எர்த் கம்பி புதைத்த குழி காய்ந்து கிடந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உறுமல் நிற்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தேன். பிரிட்ஜ் நின்றது, ஃபேன் நின்றது, தையல் மெஷின் மோட்டார் நின்றது. "ஏங்க!" என்று அவள் சத்தம் போட்டது கேட்டது. உறுமல் அப்படியே இருந்தது.

கரண்ட் இல்லாத வீட்டில் எது உறுமும்? அந்தக் கேள்வி ஒரு நொடி என் முன்னால் வந்து நின்றது. நான் சுவிட்சைப் போட்டுவிட்டு ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக அங்கே சூப்பர்வைசர் நான். கம்ப்ரசரின் சத்தம் கொஞ்சம் பிசகினாலும் மெக்கானிக்குக்கு முன்னால் எனக்குத் தெரியும் என்று பேர். காதுக்காரர் என்றே கூப்பிடுகிறவர்கள் உண்டு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்திருந்தால், இடதை வலதிலும் வலதை இடதிலும் வைத்திருந்தால், ஒரே நொடியில் தெரிந்திருக்கும். எங்கே கோளாறு என்று பார்க்கச் சின்னப் பிள்ளைக்கும் முதலில் தோன்றுகிற காரியம் அது. எனக்கும் தோன்றியது, ஞாயிற்றுக்கிழமையே தோன்றியது. கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். தினம் எடுத்தேன், தினம் வைத்தேன். திருப்பாத வரைக்கும் கோளாறு ஒயரில் இருந்தது. என் கை அதை ஒயரிலேயே வைத்திருக்கப் பார்த்தது.

வியாழக்கிழமை காலை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். எங்கள் மாடியில் கிழக்கே பாம்பனைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் வடகடல், வலது கைப்பக்கம் தென்கடல். மார்கழி வாடைக்கு வடகடல்தான் இரையும், தென்கடல் சொன்னபடி கேட்கும். கண் தெரியாதவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால்கூட இது என்ன மாதம் என்று சொல்லிவிடுவான். அன்றைக்கு இரைச்சல் தெற்கிலிருந்து வந்தது. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். துணி தெற்கே பறந்தது. காற்று வடக்கிலிருந்துதான் அடிக்கிறது. இரைச்சல் மட்டும் தெற்கில். ஒரு கடலை யாரோ தூக்கி இன்னொன்றின்மேல் வைத்துவிட்டார்கள்.

ஐஸ் கம்பெனிக்குப் போனதும் ஐஸ் பார் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: "என்னப்பா, காத்து திரும்பிருச்சோ?"

"வாடதானண்ணே அடிக்கிது! மார்கழியில எங்கிட்டுத் திரும்பும்? காதுக்காரர் கேக்குற கேள்வியப் பாரு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நெஞ்சுக்குள் ஐஸ் பார் ஒன்று நழுவி இறங்கியது.

வீட்டிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அவள் கூப்பிட்டால் நான் தப்பான பக்கம் போனேன்.

"நான் கொல்லையில நிண்டு கத்துறேன், நீக வாசலுக்குப் போய் யார்ட்டப் பேசுறீக?"

"பராக்கா இருந்துட்டேன்."

"பராக்கு எந்நேரமும்தான் இருக்கு. இப்பத் திசையும் போயிருச்சாக்கும்."

இதற்கெல்லாம் நடுவில் ஒரு டிக்கெட் இருந்தது. கார்த்திகையிலேயே வாங்கிவிட்ட டிக்கெட். தை பிறந்து பத்து நாளில் புதுச்சேரியில் கச்சேரி. வெளிநாட்டிலிருந்து வரும் நான்கு பேர், மைக் வைக்காத சின்னக் கூடம். ஊதுகிறவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய தட்டுகள் என்னிடம் பதினொன்று உண்டு. அவர் மூச்சு எந்த இடத்தில் தீரும், எந்த இடத்தில் தீர்ந்ததுபோல நடித்துவிட்டு மேலே போகும் என்பது எனக்குத் தெரியும். நேரில் கேட்டதில்லை. இந்தியாவுக்கு இன்னொரு முறை வருவார் என்று யார் சொல்ல முடியும்? கைப்பேசியில் அந்த டிக்கெட்டைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். ஆம்ப்ளிபயர் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, ஆம்ப்ளிபயரையும் ஹெட்போனையும் ஒரு தட்டையும் பழைய பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காக்கா கடையில் தட்டு சுற்றுகிற மெஷின் உண்டு.

அவர் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, ஊதிப் பார்த்தார். மீட்டரை வைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன தம்பி, கல்யாணப் பொண்ணு மாதிரி தொடச்சு வச்சிருக்க. உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல."

"இடது பக்கம் வரல காக்கா."

அவர் ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு தட்டை ஓடவிட்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவர் முகத்தில் ஏதாவது ஒரு சுளிப்பு வராதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சிரித்தார்.

"இந்தா ஊதுறானே, மாடு கத்துற மாதிரி. ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேக்குது."

"இல்ல காக்கா, எனக்கு..."

"இங்கன வா."

ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார், அவர் கைக்கு வந்தபடி. மாற்றி மாட்டினார். அவருக்குத் தெரியாது. அவருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

சாக்ஸபோன் வந்தது. அத்தனை நாள் காணாமல்போயிருந்த மனிதர், மூச்சோடு, விரல் தட்டலோடு, என் வலது காதுக்குள் நின்று ஊதினார். டிரம்ஸ் இல்லை. பியானோ இல்லை. இரண்டு பேரும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒயர் இல்லை. ஊசி இல்லை. எர்த் இல்லை.

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். காக்காவின் வாய் அசைந்தது. பிறகு அவராகவே எட்டிக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கேலி நின்றுவிட்டது.

"எத்தன நாளா?"

"ஒம்பது."

"யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "ஓட்டல்ல எங்கூட ஒரு பையன் வேல பாத்தான், மலையாளத்தான். காலையில எந்திரிச்சா ஒரு காது இல்ல. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, வந்திருச்சு. அன்னைக்கேன்னு சொல்றேன், வெளங்குதா? இதைய இங்கன போட்டுட்டு நாளைக்குக் காலையிலயே மதுரைக்குப் போ. துஆ செய்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள். கால் பெடலின்மேலேயே இருந்தது. ரவிக்கைத் துணி பாதி தைத்தபடி ஊசிக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

"ஒம்பது நாளா?"

நான் கையிலிருந்த பெட்ஷீட்டை மடித்தேன்.

"தட்டுல ஒரு கீறல் விழுந்தா மத்தியானச் சோத்தக்கூடத் திங்காம ராம்நாட்டுக்கு ஓடுவீக. காதுக்கு ஒம்பது நாளு." அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாத குரல்.

மதுரையில் டாக்டர் அம்மா முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை என்றார். நான் அழுக்கு இருக்க வேண்டும் என்று ரயில் முழுக்க வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். பிறகு இரண்டு கவை உள்ள ஓர் இரும்புக் கம்பியை முட்டியில் தட்டி, அதிரவிட்டு, அதன் காம்பை என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேக்குது? நல்லாக் கவனிச்சுச் சொல்லுங்க. அடைப்பா இருந்தா கெட்ட காதுப் பக்கம்தான் கேக்கணும். அது நல்ல சேதி."

ஏன் அதை முன்கூட்டியே சொன்னார்? சத்தம் வலது பக்கம்தான் கேட்டது, மணி மாதிரி, சந்தேகமே இல்லாமல். 'இடது' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் நல்ல சேதி ஆகிவிடுமா? மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது" என்றேன்.

டாக்டர் எழுதினார். "ஒம்பது நாள் என்ன பண்ணீங்க?"

"ஆம்ப்ளிபயர ரிப்பேர் பாத்தேன்."

பேனா நின்றது.

"உப்பு அடிச்சிருச்சுன்னு நெனச்சுட்டாரு டாக்டரம்மா" என்றாள் மனைவி. அவள் சொன்ன விதத்தில் என்னைக் காப்பாற்றுகிறாளா காட்டிக்கொடுக்கிறாளா என்று தெரியவில்லை.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். என் வாழ்நாளில் நான் கேட்டதிலேயே மோசமான பதிவு அதுதான். வலது பக்கம் சட்டென்று முடிந்தது. இடது பக்கம் ஆரம்பித்தபோது உள்ளே அந்த உறுமல் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் ஏதோ சொட்டுவதுபோல இருந்தது. இருந்ததா? அமுக்கினேன். இல்லாதபோதும் அமுக்கியிருப்பேன். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. கை மடியில் கிடந்தது. வெகு நேரம் சும்மாவே கிடந்தது.

தாளில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று மேலே நேராகப் போனது. இன்னொன்று கிணற்றில் விழுந்த கயிறு.

"நரம்புல வந்தது. நெறையப் பேருக்கு எதனால வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியறதில்ல" என்றார் டாக்டர். "ஒடனே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இப்பவும் முயற்சி பண்ணலாம். மாத்திரை, அப்புறம் காதுக்குள்ளயே ஊசி. வரலாம், வராமலும் போகலாம். கொஞ்சம் வரலாம்."

"இன்னொரு காதுக்கும் வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வராது."

பெரும்பாலும். அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்றைக்கும் அது என்னிடம்தான் இருக்கிறது.

கச்சேரியைப் பற்றி அவரிடம் கேட்டேன். மைக் இல்லை, சின்னக் கூடம் என்றெல்லாம் ஒரு வக்கீல்போல எடுத்துச் சொன்னேன். அவர் தாளை மடித்தார். "சத்தத்துலேர்ந்து கொஞ்ச நாள் தள்ளி இருங்கன்னுதான் நான் சொல்வேன். போகாதீங்கன்னு கட்டிப் போட முடியாது. ஒரு காதுதான் இருக்கு, அத மட்டும் நெனப்புல வச்சுக்கங்க."

மாத்திரை தூக்கத்தைத் தின்றது. சர்க்கரையை ஏற்றியது. மூன்று தடவை மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். செவிப்பறையைத் துளைத்துக்கொண்டு மருந்து இறங்கும்போது அறை ஒரு பக்கமாகச் சாயும். பீரோவைத் திறக்கவில்லை. பல்பு மட்டும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. ஐஸ் கம்பெனியில் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றேன். பொங்கலுக்கு அடுத்த தெருவில் வெடி போட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வலது கை தானாகப் போய் வலது காதைப் பொத்திக்கொண்டது. பாத்திரம் கீழே விழுந்தால் அவளைத் திட்டினேன். முன்பெல்லாம் நான் எந்தச் சத்தத்தையும் உள்ளே வா என்று கூப்பிடுகிற ஆள். இப்போது ஒற்றைக் கதவு வீட்டின் காவல்காரன் ஆகிவிட்டேன்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கைப்பேசியை எடுத்த நாளில் அவள் சொன்னாள்:

"எனக்கும் ஒண்ணு வாங்குங்க."

"ஒனக்கு எதுக்கு?"

"போகாட்டி இந்த வீட்டுக்குள்ள உம்முனு உக்காந்துக்கிட்டு என்னைய உசிரோட கொல்லுவீக. போனா, பயந்து நடுங்கிட்டு ஒரு மூலையில உக்காருவீக. ரெண்டுல அது தேவல. நானும் அப்படி அந்த மனுசன் என்னத்தத்தான் ஊதுறார்னு பாத்துர்றேன்."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முந்தின நாள் பகல் முழுக்க பஸ். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சு அடைப்பான்கள் சட்டைப் பையில். கூடத்தில் கடைசி வரிசையில் இடது ஓரம் பார்த்து உட்கார்ந்தேன். அப்போதுதான் நல்ல காது மேடைப் பக்கம் இருக்கும். அவளை என் இடப்பக்கம் உட்காரச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் நான் பேசுனா ஒங்களுக்குக் கேக்காதே?"

"கேக்காது."

"அப்ப நிம்மதியாத் திட்டலாம்" என்று வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

நான்கு பேரும் வந்தார்கள். அவர் மேசைமேலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கால்சட்டையை ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, வாத்தியத்தை உதட்டில் வைத்தார். நான் எதிர்பார்த்த மூச்சு வந்தது. வந்த இடம்தான் தெரியவில்லை. கண்ணை மூடினால் நான்கு பேரும் ஒரே புள்ளியில், ஒருவர்மேல் ஒருவராக, பஸ்ஸில் நெருக்கியடித்தவர்கள்போல. கண்ணைத் திறந்தால் பிரிந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். அதனால் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். கண்ணால் பிடித்து வைக்காவிட்டால் ஒவ்வொருவராகப் போய்விடுவார்களோ என்றிருந்தது. இமைக்கக்கூடப் பயம்.

மூன்றாவது உருப்படியில் டிரம்ஸ்காரர் கம்பித் துடைப்பங்களை வைத்துவிட்டுக் குச்சிகளை எடுத்தார். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறதென்று. முதல் அடி பெரிய வெண்கலத் தட்டில் விழுந்தது. வலது காதுக்குள் கண்ணாடி உடைந்தது. ஒரு காதுதான் இருக்கு. கை சட்டைப் பைக்குப் போனது, ஓர் அடைப்பான் கீழே விழுந்து உருண்டது, இன்னொன்றை உருட்டிக் காதுக்குள் திணித்து, அதன்மேல் உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன்.

கூடம் அணைந்துவிட்டது. நான்கு பேர் சத்தமில்லாமல் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கத்தில் உறுமல் மட்டும். இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் 'பெரும்பாலும்' பொய்த்துப்போகிற நாளில் இப்படித்தான் இருக்கும். எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை.

அப்போது உறுமலுக்கு அடியில் ஏதோ நடந்தது. யாரோ மணலில் கனமாகக் காலெடுத்து வைத்து நடக்கிறார்கள். ஓர் அடி. இன்னோர் அடி. பேஸ்காரரின் விரலைப் பார்த்தேன். விரல் கம்பியை இழுக்கும்போதெல்லாம் அந்த அடி விழுந்தது. நாற்காலி வழியாக வருகிறதோ? கையை நாற்காலியிலிருந்து எடுத்தேன். இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன். அப்போதும் நடந்தது. அவள் என் தூக்கிய கால்களைப் பார்த்துவிட்டு வாயசைத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பிறகு சொன்னாள், "என்ன, எலியா?" என்று கேட்டாளாம்.

மாசியில் மறுபடி அந்தக் கண்ணாடிப் பெட்டி. இந்த முறை கேட்காததற்குப் பட்டனை அமுக்கவில்லை. கூடத்தில் நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. "காத அடைச்சா ஒடம்பு வழியா, எலும்பு வழியா வர்ற சத்தம் கூடும். அன்னைக்கு அது எந்தக் காதுல கேட்டுச்சுன்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது." பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார். கிணற்றில் விழுந்த கயிற்றின் ஒரு நுனி, கனத்த சத்தங்களின் பக்கம், கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. மற்றது கீழேயே கிடந்தது. "இவ்வளவுதான் வரும்னு நெனைக்கிறேன்."

ஆம்ப்ளிபயர் காக்கா கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணல, சும்மா தூசி தட்டுனேன்" என்றார். முதல் நாள் அந்தப் பழைய தட்டைப் போட்டு, ஹெட்போனை நேராக மாட்டினேன். இடது பக்கத்து ஆள் முழுதாக வரவில்லை. அவர் தாழ்ந்த சுரங்களுக்கு இறங்கும்போது மட்டும் ஓர் உருவம் தெரிகிறது, பனிக்குள் நிற்கிற படகு மாதிரி. மேலே ஏறினால் காணாமல்போகிறார். மூச்சு இல்லை, விரல் தட்டல் இல்லை. இறங்கி வரும்வரை காத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை வராமல் போய்விடுவாரோ என்றுதான் காத்திருக்கிறேன்.

காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் இப்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது. வலது காதுக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்க்கிறேன். அந்தச் சரசரப்பு வரும்வரை கண்ணைத் திறப்பதில்லை. கம்பித் துடைப்பம் தோலின்மேல் ஒருமுறை பெருக்குவது போன்ற சத்தம் அது. ரொம்ப நாள் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

போன வாரம், பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவள் கட்டிலுக்கு வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றாள். பால் வந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்:

"இருக்கா?"

இன்னொரு முறை உரசிப் பார்த்தேன்.

"இருக்கு."

"அப்ப எந்திரிங்க" என்றாள். அடுக்களைக்குப் போனாள். அவள் போன திசையைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டேன்.